தட்டு திறந்திருக்கையில்

அது புழுவின் வயிற்றிலிருந்து வந்ததல்ல.

திரையில், மரபணுச் சோதனை முடிவில் அப்படித்தான் இருந்தது. அவள் மறுபடி படித்தாள். மறுபடியும் அப்படித்தான் இருந்தது.

மனிதத் தொண்டை. எச்சில். பேசுகிற எல்லோர் வாயிலும் வாடகை தராமல் குடியிருக்கும் சாதாரண பாக்டீரியா.

அவளுடைய நெறியாளர் பாக்கியநாதன் சார் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். எருக்குழியில் வளரும் காண்டாமிருக வண்டின் புழு. அதன் குடலில் இதுவரை எவரும் கண்டிராத ஒரு நுண்ணுயிர். அதற்கு, அவளோடு ஆராய்ச்சி செய்த இசக்கிமுத்துவின் பெயர். இவ்வளவையும் அவனுடைய இரங்கல் கூட்டத்திலேயே சார் அறிவித்துவிட்டிருந்தார். கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் கூட்டம் பாதிக் கைதட்டல் தட்டியது.

"தட்டத் தொறந்து வச்சுக்கிட்டு யாரோ பேசியிருக்காங்க," என்றார். "ஆட்டோகிளேவ்ல போட்டுரும்மா."

யாரோ என்பது யாரென்று அவருக்கும் தெரியும். கண்ணாடியைத் துடைத்தபடி போய்விட்டார்.

இசக்கிக்கு வாய் ஓயாது.

புழுவை அறுக்கும்முன் அதனிடம் ஊர், பேர் விசாரிப்பான். முகக்கவசம் எப்போதும் தாடையில்தான் இருக்கும். தாடைக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது என்று அவ்வளவு அக்கறை. 'தட்டு திறந்திருக்கையில் பேசாதீர்' என்று சுவரில் ஒட்டியிருப்பது பார்வைக்குத்தான் பொது அறிவிப்பு.

அன்றைக்கு மத்தியானம். இருவருக்கும் நடுவில் ஸ்பிரிட் விளக்கு. அவன் கையில் பெட்ரி தட்டு. புழுவின் குடல்சாற்றைக் கம்பி வளையத்தால் தொட்டு, தட்டிலிருந்த அகார் கூழின் மீது கோடு இழுக்கப்போனான்.

"ஏ பிள்ள. ஆவணியில எங்கம்மாவ ஒங்க வீட்டுக்கு வரச் சொல்லட்டா?"

தட்டு திறந்திருந்தது.

"நீ மொதல்ல வாய மூடு. தட்டு கெட்டுரும்."

மூடினான். வாயை.

கோடு இழுத்து முடிக்கட்டும், சொல்லலாம் என்றிருந்தாள். முடித்தபோது சார் உள்ளே வந்தார். சரி, நாளைக்குச் சொல்லலாம்.

நாளைக்குக் காய்ச்சல்.

"எத்தன பூச்சி வயித்தக் கிழிச்சிருப்பேன்," என்றான் போனில். "ஒரு கொசு நியாயம் கேட்டு வந்திருக்கு." அவன் இருமி முடிக்கும்வரை காத்திருந்தாள். போனில் சொல்கிற விஷயமா அது? நேரில் பேசிக்கொள்ளலாம், எழுந்து வா என்றாள்.

அடுத்த முறை போனை எடுத்தது அவன் அம்மா.

டெங்கு.

பூச்சி ஆராய்ச்சிக்காரனைப் பூச்சி கொண்டுபோனதைப் பற்றிக் கல்லூரியில் யாரும் ஜோக் அடிக்கவில்லை. அடித்திருக்கக்கூடிய ஒரே ஆள் அவன்தான்.

ஆவணியில் அவன் அம்மா வந்தார். அவள் வீட்டுக்கல்ல, கல்லூரிக்கு. அவனுடைய டிபன் டப்பாவை வாங்கிப் போக. அவள்தான் கழுவிக் கொடுத்தாள். "நல்லா இரும்மா," என்றார். அவள் யாரென்று அவருக்குத் தெரியாது.

அவன் விட்டுப்போன தட்டுகளை அவளே பார்த்துக்கொண்டாள். ஒன்றில் மட்டும் சின்னச் சின்ன வெண்புள்ளிகள். வேறெந்தப் புழுவிலும் இல்லாதவை. அவன் இழுத்த கோட்டின்மேல் அல்ல. கோட்டுக்கு வெளியே, இங்கொன்றும் அங்கொன்றுமாக.

கோட்டுக்கு வெளியே முளைப்பது மேலேயிருந்து விழுந்த மாசு. முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கே தெரியும். அவளுக்குத் தெரியாதா, சாருக்குத்தான் தெரியாதா? இருவரும் பார்த்தார்கள். இருவரும் பார்க்கவில்லை.

ஆட்டோகிளேவ் என்பது ஒரு பெரிய குக்கர். உள்ளே போவது எதுவும் உயிரோடு வெளியே வராது. மற்ற தட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கினாள்.

இது மட்டும் கையில் நின்றது.

வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். புழுக்களையும் அவற்றின் குடலுயிர்களையும் வகை பிரிக்கத்தான் அவளுக்கு மாதா மாதம் உதவித்தொகை வருகிறது. இந்தப் புள்ளிகளில் ஆவணி எது, அம்மா எது, பிள்ள எது என்று வகை பிரிக்க யாரும் சொல்லித்தரவில்லை.

குக்கரை மூடினாள். அந்தத் தட்டு வெளியே இருந்தது.

புதுத் தட்டு ஒன்றை எடுத்தாள். விளக்கை ஏற்றினாள். கம்பியைச் சுட்டு, ஆறவிட்டு, ஒரு வெண்புள்ளியைத் தொட்டெடுத்து, பாதித் தட்டில் மட்டும் கோடு இழுத்தாள். மறுபாதி வெறுமையாக இருந்தது.

மூடியைக் கையில் எடுத்தவள் மூடவில்லை.

சுவரில் அறிவிப்பு இருந்தது. அதன் கீழே இசக்கி பென்சிலால் வரைந்த புழு, வாயில் பூட்டோடு.

முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினாள்.

தட்டுக்கு மேலே குனிந்தாள்.

ஒரு சொல்தான். விளக்குச் சுடர் சாய்ந்து நிமிர்ந்தது.

பிறகு மூடி, கவிழ்த்து, இன்குபேட்டருக்குள் வைத்தாள். முப்பது டிகிரியில் இருந்தது. புழுக்களின் குடலுயிர்களுக்கு அதுதான் கணக்கு.

குமிழைத் திருப்பினாள்.

முப்பத்தேழு. உடம்புச் சூடு.