மூன்று கண்டம் தாண்டிய மீசை

"பின்னாடி யாராவது வராங்களா, இல்ல நான்தான் கடைசியா?"

நடுக் காவிரியில் கையையும் காலையும் அடித்துக்கொண்டே கேட்டார் சவரிராயன். பக்கத்தில் பரிசலில் காவலுக்கு வந்துகொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார்.

"ஒருத்தர் வராருங்க. பதினேழாம் நம்பர். அது கிடக்கட்டும், நீங்க எந்திரிச்சு நில்லுங்க சார். இங்க இடுப்பளவுதான் தண்ணி."

சவரிராயன் எழுந்து நின்றார். பத்து நிமிடமாக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நீந்தியதெல்லாம் இந்தத் தண்ணீரில்தானா! வெட்கத்தை ஒதுக்கிவிட்டு முதல் வேலையாக மீசையைத் தடவிப் பார்த்தார். பத்திரமாக இருந்தது.

அந்த மீசைக்காகத்தான் இந்தப் பாடெல்லாம். பன்னிரண்டு வருடமாக விளக்கெண்ணெய் தடவி, சின்னச் சீப்பால் சீவி வளர்த்த மீசை. கிறிஸ்துமஸ் விருந்தன்று மனைவியின் தம்பி அற்புதசாமி சும்மா இருக்காமல், "மச்சானுக்கு மீசை மட்டும்தான் முறுக்கு. பஸ்ஸுக்கு நாலு எட்டு ஓடினாலே மூச்சு வாங்கும்" என்று சொல்லிவிட்டான். பிரியாணி சாப்பிட்ட தெம்பில் சவரிராயனும் வாயை விட்டுவிட்டார்.

தென்னூர் இளைஞர்கள் சிலர் சேர்ந்து அந்த 1983 ஜனவரியில் முதல்முறையாக ஒரு போட்டி வைத்திருந்தார்கள். ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் இறங்கி அக்கரைக்கு நீச்சல், அங்கிருந்து மன்னார்புரத்துக்கு சைக்கிள், பிறகு தென்னூர் மைதானம் வரை ஓட்டம். அதில் கலந்துகொள்வது என்றும், கடைசியாக வந்தால் மைதானத்திலேயே மீசையை எடுத்துவிடுவது என்றும் பந்தயம். நாற்பத்திரண்டு வயது தலைமை குமாஸ்தாவுக்கு இது தேவையா என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். மறுநாள் காலையிலிருந்து அவரும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

கரையில் துண்டோடும் பிளாஸ்கோடும் நின்றாள் மனைவி லூர்துராணி. தம்பியின் ஸ்கூட்டரில் பாலத்தைச் சுற்றி வந்திருந்தாள்.

"தலையைத் துவட்டுங்க, சளி பிடிச்சுக்கும்."

"தலையா இப்ப முக்கியம்? மீசை போயிடும் போலிருக்கு ராணி!"

"போகாது. நான் மாதாகிட்ட சொல்லியிருக்கேன். நீங்க கடைசியா வரவே மாட்டீங்க."

"நானும் கத்தியைச் சாணை பிடிச்சு வெச்சிருக்கேன் மச்சான்" என்று சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான் அற்புதசாமி.

சவரிராயன் சைக்கிளில் ஏறி மிதித்தார். ஆபீசுக்கு ஓட்டும் அதே கேரியர் வைத்த சைக்கிள். மன்னார்புரம் நெருங்கும் வரை பதினேழாம் நம்பரைப் பின்னாலேயே வைத்திருந்தார். அங்கே போய்ச் சேர ஒரு கூப்பிடு தூரம்தான் இருந்தது. அப்போது பார்த்து எதிரே வந்தார் பழைய மேலதிகாரி செபஸ்தியான். ஓய்வு பெற்றுவிட்டாலும் அதிகாரி அதிகாரிதான். கால் தானாகவே கீழே இறங்கிவிட்டது.

"என்ன சவரிராயன், ஈர உடம்போட? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியம் சார்."

"பெரியவன் எந்த கிளாஸ்?"

"எட்டாவது சார்."

"கணக்கு நல்லா போடறானா?"

"சுமாரா போடறான் சார்."

கிணிங் கிணிங் என்று மணியடித்துக்கொண்டே பதினேழாம் நம்பர் அவரைக் கடந்து போனார். சவரிராயனுக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதும் அதிகாரி விடைகொடுத்த பிறகுதான் சைக்கிளில் ஏறினார்.

ஓட்டத்தில் கால் இரண்டும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. தென்னூர் நெருங்கும்போதுதான், முன்னால் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டுவது தெரிந்தது. பதினேழாம் நம்பரேதான். மூச்சிரைக்க அவரை எட்டிப் பிடித்தார்.

"உங்களுக்கும் மீசைப் பந்தயமா?"

"இல்லீங்க. நான் பிச்சைமுத்து, உப்பிலியபுரம். தங்கச்சி வீட்டுக்கு வந்தேன். சும்மா கூட்டத்தைப் பாத்துப் பேரைக் குடுத்துட்டேங்க. புத்தி கெட்ட வேலை!"

இருவரும் தள்ளாடித் தள்ளாடி மைதானத்துக்குள் நுழைந்தார்கள். பிச்சைமுத்து இரண்டு எட்டு முன்னால். முப்பது பேர் ஏற்கெனவே முடித்துவிட்டு சர்பத் குடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலி. அதன் அருகே அற்புதசாமி நின்று, டம்ளரில் பிரஷ்ஷை விட்டு சோப்பு நுரை கலக்கிக்கொண்டிருந்தான்.

அந்த நுரையைப் பார்த்ததும் சவரிராயனுக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு வேகம் வந்ததோ! "மாதாவே!" என்று அலறிக்கொண்டு பாய்ந்தார். பிச்சைமுத்து பயந்து ஒதுங்கினார்.

"முப்பத்தோராவது!" என்று மைக்கில் அறிவித்தார்கள்.

முதல் பரிசு வாங்கியவன்கூட அவ்வளவு குதித்திருக்க மாட்டான். சவரிராயன் பிச்சைமுத்துவைக் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதார். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அவருக்குத் தன் மேலேயே ஒரு மதிப்பு வந்தது. அற்புதசாமி நுரையைத் தரையில் கொட்டினான்.

"ஒத்துக்கறேன் மச்சான். மீசை உங்களுக்கே."

சவரிராயன் மீசையின் இரண்டு முனைகளையும் முறுக்கி விட்டுக்கொண்டார். லூர்துராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"நான் சொன்னேன்ல, மாதா கைவிட மாட்டாங்கன்னு! நாளைக்கே வேளாங்கண்ணிக்குக் கிளம்பணும். நேர்த்திக்கடனைத் தள்ளிப்போடக் கூடாது."

"கிளம்பிட்டாப் போச்சு! என்ன நேர்ந்துக்கிட்ட, மெழுகுவத்தியா?"

"மெழுகுவத்தி எல்லாரும் குடுக்கறதுங்க. இவ்வளவு பெரிய உதவி கேட்டுட்டு, நம்ம வீட்டுல இருக்கறதுலயே ஒசத்தியானதைத்தானே மாதாவுக்குக் குடுக்கணும்? அதான், நீங்க கடைசியா வராம இருந்தா உங்களுக்கு மொட்டை போட்டு, மீசையையும் சேத்து எடுத்துடறேன்னு வேண்டிக்கிட்டேன்."