வேலையில் இருப்பவன்

"சார், நீங்க இன்னும் வேலையிலதான் இருக்கீங்கன்னு காட்டுது" என்றாள் தொழிலாளர் காப்பீட்டு அலுவலகக் கவுன்டரில் இருந்த பெண், இந்த முறையும்.

"கம்பெனியையே இழுத்து மூடிட்டாங்கம்மா. கேட்ல பூட்டு தொங்குது."

"நீங்க வேலையை விட்டு நின்னுட்டதா அவங்க பதிஞ்சாத்தான் சார் உதவித்தொகை வரும். கம்ப்யூட்டர்ல உங்களுக்கு வேலை இருக்கே."

அருணகிரிக்கு முதலில் கோபம்தான் வந்தது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி வந்தபோது அந்தக் கோபம் மெல்லப் பொறாமையாகப் புளித்தது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் அந்த அருணகிரி இந்நேரம் லேத் மெஷினை நிறுத்திவிட்டுக் கைகளைத் துடைத்துக்கொண்டிருப்பான். சூப்பர்வைசரே அவனிடம் நின்று பேசிவிட்டுப் போவார். எந்தக் கவுன்டரிலும் அவன் பல்லிளிக்க வேண்டியதில்லை. கொடுத்து வைத்த பயல்.

வீட்டுக்கு வந்து பாயில் சுருண்டு படுத்தான். ஷிப்ட் முடிந்து அவன் வழக்கமாக வரும் நேரமானதும் மனைவி மரகதம் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டாள். ஒரே ஒரு டம்ளரில் டீயை ஊற்றி மூடிவிட்டு வாசலில் போய் நின்றாள். அவனுக்கு வேலை போய் இத்தனை மாதமாகியும் அவள் இதை விடவில்லை.

"யாருக்குடி டீ?" என்றான்.

அவள் திரும்பவில்லை. வேலைக்குப் போன நாட்களில் அவன் அடித்தது போலவே தெருமுனையில் சைக்கிள் மணி கேட்டது. அவள் முகம் மலர்ந்தது.

அருணகிரி ஓசையில்லாமல் எழுந்தான். மூடியைத் தள்ளிவிட்டு, கொதிக்கக் கொதிக்க அந்த டீயை ஒரே மடக்கில் குடித்தான்.