ஒரு மணி பத்து நிமிஷம்

"மெட்ராஸ் ஏர்போர்ட்டுல இருந்து மதுரைக்கு எம்புட்டு தூரம் மாப்ள?" ஜீப் கிளம்பியதுமே ஆரம்பித்தார் என் மாமனார் விருமாண்டி.

"முந்நூறு மைலுக்குக் கொஞ்சம் கம்மி மாமா."

"எம்புட்டு நேரமாச்சு?"

"ஒரு மணி பத்து நிமிஷம்."

"கேட்டீங்களாடா?" பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பங்காளிகளைப் பார்த்துக் கத்தினார். "உலை வச்சு சோறு வடிக்கிற நேரம்டா!"

என்ன மனுஷனோ! தம்பட்டம் அடிக்க ஒரு மருமகன் கிடைத்தால் போதும். கழுத்தில் அவர் போட்ட மாலை வேறு அரித்தது.

நான் வந்தது பஸ்ஸில்.

போன வருஷம் தன் பையன் காதுகுத்துக்கு என் சகலை மலைச்சாமி பிளேனில் வந்து இறங்கினான். அன்றிலிருந்து என் மனைவிக்கு அதே பேச்சு. நம் பையன் காதுகுத்துக்கு நானும் பிளேனில்தான் வருவேன் என்று, முன்னாலேயே ஊருக்கு வந்திருந்த அவளுக்கு ரோஷத்தில் கடிதம் போட்டுவிட்டேன். தூரத்தையும் நேரத்தையும் டிக்கெட் ஆபீசில் விசாரித்து மனப்பாடம் செய்ததோடு சரி; டிக்கெட் விலை கட்டுப்படியாகவில்லை. ராத்திரி பஸ் பிடித்தேன். பாழாய்ப்போன பஸ் மேலூரில் நாலு மணி நேரம் படுத்துக்கொண்டது.

மதுரை ஏர்போர்ட்டுக்கு ஒரு பர்லாங் முன்னாலேயே ஆட்டோவை விட்டு இறங்கி, கட்டடத்தின் ஓரமாகப் பதுங்கிப் பதுங்கி வந்தேன். பிளேன் இறங்கி அரை மணியாவது ஆகியிருக்கும். வாசல் காவலாளியிடம் பேசிவிட்டுத் திரும்பிய மாமனார், என்னைப் பார்த்ததும் ஓடிவந்து பெட்டியைப் பிடுங்கினார். அதிலிருந்த புழுதியைத் தோள் துண்டால் துடைத்தார். அப்புறம்தான் மரத்தடியில் நின்ற பங்காளிகளைக் கூப்பிட்டார்.

"ஏண்ணே, பிளேன் சத்தமே கேக்கலையே?" ஜீப்பின் பின்னாலிருந்து மாமனாரின் தம்பி மொக்கையன் இழுத்தார்.

நான் மாலையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

"டீக்கடையில வடையை மொக்கிக்கிட்டு இருந்தா எப்படிடா கேக்கும்?" மாமனார் அதட்டினார்.

ஜீப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். நல்லவேளை, மாமனார் வெள்ளந்தி!

வீட்டில் ஊரே கூடியிருந்தது. மேகத்துக்கு மேலே போனது, மிட்டாய் கொடுத்தது என்று அளந்து தள்ளினேன். மாமனார் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

கூட்டம் கலைந்ததும் என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனார்.

"மெட்ராஸ்ல விடியக்காலம் புடிச்ச மழையில இன்னைக்குப் பிளேனே கெளம்பலையாம் மாப்ள. வாசல்ல நின்ன ஆளு சொன்னாரு. நம்மாளுககிட்ட சொல்லலாம்னு திரும்புறேன், நீங்க பெட்டியோட வாரீங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. தலையைத் தூக்க முடியவில்லை.

"மாமா..."

"எம் மகளுக்குக்கூடத் தெரிய வேணாம்" என்றார். குனிந்து அடுப்பிலிருந்து பெரிய அண்டாவை அவரே இறக்கி வைத்தார்.

"ஒரு மணி நேரத்துல வந்தவருக்கு எதுக்கு வெந்நின்னு பொம்பளைக கேப்பாளுக. அதான் நானே போட்டேன். ராத்திரி பூரா பஸ்ல குத்தவச்சு வந்த ஒடம்பு. குளிச்சிட்டுச் சித்த படுங்க மாப்ள."