மரகதத்தின் வாசனை

ஓசூர் ஆலையில் வேலை கிடைத்தபோது மரகதத்துக்கு ஒரே கவலைதான். காப்பகத்தில் விடும் கைக்குழந்தை பூவிழி அவளைத் தேடி அழுமே! காப்பகம் நடத்திய ரெஜினா அதற்கும் வழி வைத்திருந்தார். மரகதத்தின் தோலிலிருந்து அவள் வாசனைக்குக் காரணமான நுண்ணுயிரை எடுத்து வளர்த்து, அதை ஆயாக்களின் கழுத்தில் பூசிவிட்டார். பூவிழி அழவே இல்லை. "நல்லது நாலு பேருக்குப் போகட்டுமே" என்று, யாரும் எடுத்து வளர்க்கும்படி ரெஜினா அதை இலவசமாகக் கொடுத்தார். தயிருக்கு உறை வாங்குவதுபோல பல ஊர்க் காப்பகக்காரர்களும் வந்து வாங்கிப்போனார்கள்.

சில மாதங்கள் கழித்து மரகதம் பேருந்தில் ஏறியதும், வீறிட்டுக்கொண்டிருந்த ஒரு பிள்ளை சட்டென்று அடங்கி அவளிடம் தாவியது.

"எங்கிட்டகூட இப்படி வரமாட்டான். யாருக்கா நீங்க?" என்று அதன் தாய் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

பின்னிருக்கையில் இன்னொரு பிள்ளையும் கைநீட்டியது. மரகதம் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, ஓட்டமும் நடையுமாகக் காப்பகத்துக்குப் போனாள்.

ஆயாவின் தோளில் பூவிழி கிடந்தாள்.

"அம்மா வந்திருக்கேன்டி, வா" என்று மரகதம் கைநீட்டினாள்.

பூவிழி அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, ஆயாவின் கழுத்தில் முகம் புதைத்து, "அம்மா" என்றாள். அதுதான் அவள் பேசிய முதல் சொல்.

சுற்றியிருந்த தொட்டில்களிலிருந்து மற்ற பிள்ளைகளெல்லாம் மரகதத்தை நோக்கிக் கைநீட்டின.