பிளக் பக்கத்துப் படுக்கை

தேனியில் ஒரு மருத்துவமனை. நர்ஸ் பியூலா ஆறாம் படுக்கைக்காரருக்கு இன்சுலின் போடப் போனாள். ஊசி தோலைத் தொடும் நேரத்தில்தான் முகத்தைப் பார்த்து, கையை இழுத்துக்கொண்டாள். போனுக்கு சார்ஜ் போடுவதற்காக எட்டாம் படுக்கைக்காரர் அங்கே மாறிப் படுத்திருந்தார்.

வேலை போனாலும் போகட்டும் என்று நடந்ததை அப்படியே, நாட்டின் எல்லா வார்டுகளையும் கவனிக்கும் ஏ.ஐ.யின் சுவர்த்திரையிடம் சொன்னாள். திரை அவள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அவர் ஏன் மாறிப் படுத்தார் என்றுதான் கேட்டது.

"அங்கதான் பிளக் இருக்கு."

அந்த ஒரு பதில் போதுமாக இருந்தது. பத்தே நிமிடத்தில் நாட்டின் எல்லா வார்டுகளிலும் தானாக ஓடும் மருந்து வண்டிகள் படுக்கை எண்ணை நம்புவதை விட்டுவிட்டு, படுத்திருப்பவரின் பெயரைக் கேட்கத் தொடங்கின.

மதியம், கால் முறிந்து தூத்துக்குடியில் ஒரு மருத்துவமனையில் கிடக்கும் அவள் அப்பா போனில் கூப்பிட்டார்.

"ஏட்டி, சுகரே இல்லாத எனக்கு இன்சுலின் கொண்டு வந்துட்டு இந்த வண்டி. பேரைக் கேட்டுட்டு, உமக்கு இல்லைன்னு திரும்பிப் போயிட்டு. எங்கயோ ஒரு கூறுகெட்ட நர்ஸ் காலையில தப்பா ஊசி போடப் பாத்தாளாம். அதான் இந்த விசாரணையாம்."

"நீங்க உங்க படுக்கையிலயா இருக்கீங்கப்பா?"

"இல்லட்டி, பிளக் பக்கத்துல."

பியூலா சிரித்துவிட்டாள்.

"அந்தக் கூறுகெட்டவ நான்தான்ப்பா."