நல்லகாமனுக்கு மூன்று மந்திரங்கள்

"தூக்க மந்திரத்த எடுத்துக்கம்மா ரூத். எதிராளிக்கு ஒண்ணும் தெரியாது, காரியம் சத்தமில்லாம முடிஞ்சிரும்" என்றார் ஆன்றோ.

"தூங்குறவன வெட்டுறதுல என்னண்ணே இருக்கு?" ரூத் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

திருப்பரங்குன்றத்தில் ஆன்றோ வீட்டு மாடியறையில், பதினோரு வருடமாக ஞாயிறுதோறும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கிற ஆட்டம் இது. ஆன்றோ கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகக் கதைக்குள் இறங்குவார்கள். யார் பிழைப்பது, யார் சாவது என்பதை இருபது முகமுள்ள பகடை முடிவு செய்யும்.

ரூத்தின் ஆள் பெயர் நல்லகாமன். ஒரு கையில் வாள், மறு கையில் மந்திரம். இன்று அவனுக்குப் புதிதாக மூன்று மந்திரங்கள் எடுத்துக்கொள்ள உரிமை வந்திருந்தது. எடுத்த கையோடு மேலூர்க் கல்குவாரிப் பூதத்தோடு மோத வேண்டும். மலையை வெட்டி எடுத்த பள்ளத்திலிருந்து எழுந்து வந்த அந்தப் பூதம் இதுவரை ஒன்பது வீரர்களையும் ஒரு டிப்பர் லாரியையும் விழுங்கியிருந்தது.

நல்லகாமன் சாகக் கூடாது. இன்றைக்கு மட்டும் சாகவே கூடாது. காலையில் மாதா கோயிலில் ஆன்றோ முழங்காலில் நின்று கேட்டுக்கொண்டது இதைத்தான்.

போன தீபாவளிக்கு முந்தின வாரம் ரூத்தின் பழைய ஆள், வில்லாளி ஒருத்தி, இதே அறையில் செத்துப்போனாள். ரூத் அழவில்லை. ஆனால் மறுநாள் முழுக்க அவள் நினைப்பு இங்கேயே கிடந்ததாம். பழங்காநத்தம் ரவுண்டானாவில் இடது பக்க இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு வலது பக்கம் திரும்பினாளாம். காபியில் உப்பைப் போட்டாளாம். கையில் வைத்திருந்த கத்தரிக்கோல் எங்கே போனது என்று இன்றுவரை தெரியாதாம். இதையெல்லாம் சொன்னவன் ராஜேஷ்குமார். விளக்குத்தூண் பக்கம் சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கிறான். ஆட்டத்தில் மூன்றாவது ஆள்.

ஆட்டத்தை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாமே என்று ஆன்றோ காலையிலேயே போனில் கெஞ்சிப் பார்த்தார். திங்கட்கிழமை தனக்கு வேலை அதிகம், பூதத்தை முடித்துவிட்டால்தான் லேசான மனசோடு போக முடியும் என்று ரூத் சொல்லிவிட்டாள்.

"சரி, காயம் மூடுற மந்திரமாவது எடு தாயி."

"வெட்டுறது வரைக்கும்தாண்ணே நம்ம வேலை. மூடுறத கூட நிக்கிறவங்க பாத்துக்குவாங்க."

கேடய மந்திரத்தைக் காட்டினார். அதுவும் வேண்டாம் என்றாள். தீப்பந்து, இடி, வாளை மூன்று முழம் நீட்டும் மந்திரம் என்று வரிசையாக எழுதி அடிக்கோடு போட்டாள்.

சண்டை தொடங்கியது. பகடையை எப்போதும் எவர்சில்வர் தாம்பாளத்தில், எல்லார் கண் முன்னாலும் உருட்டுவதுதான் ஆன்றோவின் கௌரவம். சொந்த மச்சினன் ஜெரால்டின் ஆளை வைகை முதலை விழுங்கியபோதுகூட அவர் எதையும் மறைக்கவில்லை. அந்த வருடம் வைகையில் தண்ணீர் இல்லை, முதலை மட்டும் இருந்தது. ஜெரால்ட் அதற்குப் பிறகு கிறிஸ்துமஸுக்குக்கூட இந்தப் பக்கம் வருவதில்லை.

அப்பேர்ப்பட்டவர் இன்று ஒரு கல்யாணப் பத்திரிகையை விரித்து நிறுத்தி, அதன் பின்னால் பூதத்துக்கான பகடையை உருட்டினார். பதினேழு விழுந்தது. மூன்று என்றார். பூதத்தின் அடி தவறியது. அடுத்த தடவை பூதத்துக்குக் கால் இடறியது. அதற்கடுத்த தடவை, ஓங்கிய கையோடு பூதத்துக்குத் தும்மல் வந்தது.

"என்னண்ணே, பூதத்துக்குச் சளி புடிச்சிருக்கா?" என்றான் ராஜேஷ்குமார்.

ரூத் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"எனக்காகப் பாவம் பாக்காதீங்கண்ணே. இப்பிடி ஜெயிச்சா எனக்கு ராத்திரி பூரா உறக்கம் வராது. தாம்பாளத்துல போடுங்க."

உறக்கம் வராது என்று அவள் சொன்னது ஆன்றோவுக்கு அதைவிட மோசமாகப் பட்டது. தோற்றாலும் ஆபத்து, பொய்யாக ஜெயித்தாலும் ஆபத்து. பத்திரிகையை மடித்து வைத்தார். சிலுவைக்குறி போட்டுக்கொண்டு பகடையை விட்டார். அது தாம்பாளத்தில் இரண்டு சுற்று சுற்றி, இரண்டில் நிற்பதுபோல் ஒரு கணம் ஆசை காட்டி, சாவகாசமாகப் புரண்டு படுத்தது.

இருபது.

பூதத்துக்கு இருபது விழுந்தால் எதிரே நிற்கிற ஆள் காலி. மூன்று மாதம் யோசித்து ஆன்றோவே எழுதிய விதி அது.

"ரயில் போச்சுல்ல, தட்டு ஆடிருச்சு. இன்னொருக்கப் போடுறேன்" என்றார். ரயில் எதுவும் போகவில்லை.

ரூத் வேண்டாம் என்று தலையை அசைத்தாள். நல்லகாமனின் காகிதத்தை நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். ராஜேஷ்குமார் பஜ்ஜித் தட்டை நீட்டினான். எங்கோ பார்த்தபடி ஒரு பஜ்ஜியை எடுத்து, கைப்பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள்.

மாடிப்படியில் கால் வைத்தவள் நின்று திரும்பினாள்.

"ராத்திரி பத்து மணிக்கு மேல பச்சத்தண்ணி கூடக் குடிக்காம வந்துருங்கண்ணே. காலையில ஏழு மணிக்கு ஆபரேஷன் தியேட்டர்ல எனக்கு மொத கேஸே உங்க பித்தப்பைதான்."