சார்ஜர் பிடிக்கும் கை

பழைய ஆபீஸ் லேப்டாப்பின் பேட்டரி உப்பிப்போனதால் அவன் அதைக் கழற்றி எறிந்துவிட்டான். சார்ஜர் பின்னைச் சாய்த்து அழுத்திக்கொண்டே இருந்தால்தான் லேப்டாப்புக்கு உயிர். வேலை போனபின் வந்திருக்கும் முதல் நேர்காணல் இது. மனைவி கேமராவில் விழாமல் மேசையோரம் மண்டியிட்டு, பின்னைப் பிடித்திருக்கிறாள். “மூச்சு விடாத தாயே, கழண்டுடும்.” “நான் மூச்சை விட்டா இதை யாரு பிடிப்பா?” லேப்டாப்புக்குள் விசிறி மூச்சிரைக்கிறது, சூடான பிளாஸ்டிக் நாறுகிறது. திரையில் அதிகாரி வருகிறார். கேள்விகள் நல்லபடியாகவே போகின்றன. “வீட்லேர்ந்துதான் வேலை. யாராவது தொந்தரவு பண்ணுவாங்களா?” “வீட்ல யாருமே இல்ல சார். நான் தனி ஆள்.” அவன் கண் கீழே போகிறது. சிவந்துபோன விரல்கள் அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக விலகுகின்றன. கறுத்த திரையில் டை கட்டிய அவன் முகம் வாயைத் திறந்தபடி நிற்கிறது. “கை மரத்துப்போச்சு,” என்று அவள் எழுந்து போகிறாள்.